ஸ்பெயினைப் பார்க்கப் பெரும்பணம் வேண்டாம், நேரக் கணக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளியான ஐரோப்பியப் பயணக் கட்டுரையில், ஸ்பெயின் நாட்டைப் பார்க்க விரும்பும் நடுத்தரக் குடும்பத்தினருக்குச் சுற்றுலா நிறுவனத்தின் பேக்கேஜ் ஒன்றே வழி என்றும், தாமாக ஏற்பாடு செய்துகொண்டு போவது இளைஞர்களுக்கும் பணம் படைத்தவர்களுக்குமே ஒத்துவரும் என்றும், சைவ உணவுக்காரர்கள் அங்கே ரொட்டியும் பழமுமாகத்தான் பொழுதை ஓட்ட வேண்டும் என்றும் எழுதப்பட்டிருந்தது. இந்த மூன்றும் சரியல்ல. மும்பையில் செம்பூரிலும் மாட்டுங்காவிலுமாக வசிக்கும், பணி ஓய்வு பெற்ற தோழிகள் நால்வர் சேர்ந்து மாட்ரிட், கோர்டோபா, செவில், கிரானடா, வலென்சியா, பார்சிலோனா ஆகிய நகரங்களை எங்கள் சொந்த ஏற்பாட்டில், கையைக் கடிக்காத செலவில் பார்த்துத் திரும்பியிருக்கிறோம் என்பதால் இதை எழுதுகிறேன்.

பேக்கேஜ் பயணமே கூடாது என்று சொல்ல வரவில்லை. அதிகம் நடக்க இயலாத பெற்றோரை அழைத்துப் போகிறவர்களுக்கும், விமான நிலையத்தில் பெயர்ப்பலகையோடு ஒருவர் நின்றால்தான் நிம்மதி என்று நினைப்பவர்களுக்கும் அது சௌகரியமே. ஆனால் ஸ்பெயின் நகரங்களில் ஒரு நாளைக்கு எவ்வளவு செலவாகும் என்பது, நாம் எங்கே போகிறோம் என்பதைவிட எத்தனை மணிக்குப் போகிறோம் என்பதைப் பொறுத்தே அமைகிறது. கட்டுரை இதைத் தொடவே இல்லை. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை பேருந்தில் ஏற்றி இறக்கும் பயணத்தில் இது தெரியவரவும் வாய்ப்பில்லை.

மாட்ரிட்டை எடுத்துக்கொள்வோம். 1819-இல் திறக்கப்பட்ட பிராடோ அருங்காட்சியகத்தின் நுழைவுக் கட்டணம் 15 யூரோ. ஒரு யூரோ நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் நால்வருக்கு ஆறாயிரம் ரூபாய் ஆகிறது. அதே பிராடோவில் திங்கள் முதல் சனி வரை மாலை 6 முதல் 8 மணி வரையிலும், ஞாயிறன்று மாலை 5 முதல் 7 மணி வரையிலும் எந்த நாட்டவருக்கும் கட்டணம் கிடையாது. அங்கிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில் இருக்கும் ரெய்னா சோஃபியா அருங்காட்சியகத்தில் திங்கட்கிழமையும், புதன் முதல் சனி வரையும் இரவு 7 முதல் 9 மணி வரை இலவசம், செவ்வாய்க்கிழமை விடுமுறை. 1937-இல் பிக்காசோ வரைந்த, ஏறத்தாழ எட்டு மீட்டர் அகலமுள்ள குவெர்னிக்கா ஓவியம் இருப்பது இங்கேதான். குண்டுவீச்சில் அழிந்த ஓர் ஊரைப் பற்றிய அந்தக் கறுப்பு வெள்ளை ஓவியம், பல பத்தாண்டுகள் நியூயார்க்கில் இருந்து, சர்வாதிகாரம் முடிந்து மக்களாட்சி வந்த பிறகே, 1981-இல் ஸ்பெயினுக்கு வந்து சேர்ந்தது. கட்டணம் செலுத்தாமல் அதன் முன்னால் நின்ற கூட்டத்தில் பள்ளி மாணவர்களும், வேலை முடிந்து பையோடு வந்த உள்ளூர்க்காரர்களுமே மிகுதி.

இரண்டு மணி நேரத்தில் பிராடோவைப் பார்த்துவிட முடியுமா என்று கேட்கலாம். முடியாது. ஆனால் முழு நாளுக்கும் சீட்டு வாங்கி உள்ளே போனாலும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் எங்கள் வயதில் காலும் கண்ணும் ஒத்துழைப்பதில்லை. ஒரு மாலை ஓவியர் வெலாஸ்குவெஸின் படைப்புகள் உள்ள அறைகளுக்கு மட்டும் போனோம். மற்றொரு மாலை, ஓவியர் கோயா தம் வீட்டுச் சுவர்களிலேயே தீட்டி, பின்னர் துணிக்கு மாற்றப்பட்ட பதினான்கு கறுப்பு ஓவியங்களை மட்டும் பார்த்தோம். வரிசை நீளம்தான். ஆனாலும் அது வேகமாக நகர்கிறது. அரை மணி நேரத்துக்கு முன்பே போய் நின்றுவிடுவது நல்லது.

எல்லா இலவச நேரமும் நமக்கானது அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாட்ரிட் அரண்மனையில் குறிப்பிட்ட நாள்களின் கடைசி இரண்டு மணி நேரம் ஐரோப்பிய ஒன்றியத்தினருக்கும் லத்தீன் அமெரிக்க நாட்டினருக்கும் மட்டுமே இலவசம். இந்தியக் கடவுச்சீட்டைக் காட்டினால் முழுக் கட்டணம் செலுத்த வேண்டும். அந்தப் பணத்தில் நாங்கள் வேறு காரியம் பார்த்தோம். அரண்மனைக்குச் சற்றுத் தள்ளி ஒரு பூங்காவில் தெபோத் என்ற பழங்கால எகிப்தியக் கோயில் நிற்கிறது. அஸ்வான் அணைநீரில் மூழ்கவிருந்த நினைவுச் சின்னங்களைக் காப்பாற்ற உதவியதற்காக 1968-இல் எகிப்து அரசு அதை ஸ்பெயினுக்கு வழங்கியது. கற்களைப் பிரித்துக் கொண்டுவந்து மீண்டும் அடுக்கியிருக்கிறார்கள். ஜூன் மாதத்தில் மாட்ரிட்டில் சூரியன் மறைய இரவு ஒன்பதே முக்கால் ஆகிவிடும். பகல் இப்படி நீள்வதே செலவு குறைவாகப் பயணம் செய்பவருக்குப் பெரிய வரவு.

கோர்டோபாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத விரும்புகிறேன். கட்டுரையில் இந்நகரம் ஒரே வரியில் கடந்து செல்லப்பட்டிருந்தது. மாட்ரிட்டுக்கும் செவிலுக்கும் இடையே 1992-இல் தொடங்கிய அதிவேக ரயில் பாதை கோர்டோபா வழியாகத்தான் போகிறது. ஆகவே இறங்கிப் பார்ப்பதற்குத் தனிப் பயணம் தேவையில்லை. அங்குள்ள பெரிய மசூதி 785-இல் கட்டத் தொடங்கப்பட்டு, இருநூறு ஆண்டுகளில் பலமுறை விரிவாக்கப்பட்டது. பதினாறாம் நூற்றாண்டில் அதன் நடுப்பகுதியை இடித்து ஒரு கிறித்தவப் பேராலயத்தை உள்ளேயே எழுப்பினார்கள். இன்றைய நுழைவுக் கட்டணம் 13 யூரோ. ஆனால் திங்கள் முதல் சனி வரை காலை 8.30 முதல் 9.30 வரை தனியாக வருவோரைக் கட்டணமின்றி விடுகிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் வழிகாட்டியோடு வரும் குழுக்களுக்கு அனுமதி இல்லை. அதாவது, லட்சங்கள் கட்டி பேக்கேஜில் வருபவருக்குக் கிடைக்காத ஒன்று, காலையில் சீக்கிரம் எழுந்தவருக்குக் காசில்லாமல் கிடைக்கிறது.

உள்ளே நுழைந்ததும் எங்கும் தூண்கள். 850-க்கும் மேற்பட்ட அவற்றில் பலவும் பழைய ரோமானிய, அவர்களுக்குப் பின் ஆண்ட விசிகோத்தியக் கட்டடங்களிலிருந்து எடுத்து வரப்பட்டவை என்பதால் நிறமும் உயரமும் ஒன்றுபோல் இல்லை. குட்டையான தூணுக்கு அடியில் பீடம் வைத்திருக்கிறார்கள். நெட்டையானது தரைக்குள் இறக்கப்பட்டிருக்கிறது. அப்படியும் உயரம் போதாததால், கீழே ஒன்று மேலே ஒன்று என இரண்டடுக்கு வளைவுகளைக் கட்டி, செங்கல்லையும் வெளிர்க் கல்லையும் மாற்றி மாற்றி வைத்த சிவப்பு வெள்ளைப் பட்டைகளால் கூரையை மேலே தூக்கியிருக்கிறார்கள். எங்களில் ஒருவர் கட்டடப் பொறியாளராகப் பணியாற்றியவர். மற்றவர்கள் தொழுகைத் திசையைக் காட்டும் மாடமான மிஹ்ராபின் பொன்னிற மொசைக்கைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் தூண்களின் அடிப்பகுதியைக் குனிந்து பார்த்தபடியே நடந்தார். ஒன்பதே கால் மணிவாக்கில் காவலர்கள் வந்து எல்லோரையும் வெளியே போகச் சொன்னார்கள். வாசலில் கொடியோடு மூன்று குழுக்கள் காத்திருந்தன.

செவிலில் பேராலயத்தின் ஹிரால்டா கோபுரம் பன்னிரண்டாம் நூற்றாண்டில் மசூதி மினாராவாகக் கட்டப்பட்டது. தொழுகைக்கு அழைப்பவர் குதிரையிலேயே ஏறிப் போகும்படி படிகளுக்குப் பதிலாக 30-க்கும் மேற்பட்ட சரிவுப் பாதைகளை அமைத்தார்கள் என்பார்கள். காரணம் எதுவானாலும், மூட்டுவலி உள்ளவர்களுக்கு அது பேருதவி. கோபுரம் என்ற சொல்லைக் கேட்டாலே கீழே உட்கார்ந்துவிடும் தோழியும் மணிமாடம் வரை வந்து சேர்ந்தார். அல்காசர் அரண்மனைக்குத் திங்கட்கிழமை மாலையில், முன்பதிவுக்கான சிறு தொகையோடு போகலாம். இடங்கள் விரைவில் தீர்ந்துவிடும். 1929-ஆம் ஆண்டுக் கண்காட்சிக்காகக் கட்டப்பட்ட பிளாசா தே எஸ்பான்யா என்னும் அரைவட்ட மாளிகையில், ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஓர் இருக்கை, அதன் வரைபடம், அதன் வரலாற்றிலிருந்து ஒரு காட்சி என அனைத்தையும் வண்ண ஓடுகளில் செய்திருக்கிறார்கள். அடுத்துப் போகவிருந்த ஊர்களின் பெயர்களைத் தேடித் தேடி உட்கார்ந்ததில் ஒரு பிற்பகலே கழிந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது என்று உறுதியாகச் சொல்வேன். அது முஸ்லிம் மன்னர்கள் கட்டிய கோட்டை அரண்மனையான, கிரானடாவின் அல்ஹம்ப்ரா. அங்கே இலவச நேரத்தைத் தேடி அலைவதைவிட, ஏறத்தாழ 20 யூரோ கொடுத்து முழுச் சீட்டு வாங்கிவிடுவதே அறிவுடைமை. நாளொன்றுக்கு உள்ளே விடும் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. சீட்டு ஒவ்வொருவரின் பெயரிலும் கடவுச்சீட்டு எண்ணிலும் பதிவாகிறது. அதில் குறித்திருக்கும் நேரத்தில், உள்ளே இருக்கும் நஸ்ரித் வம்சத்தாரின் அரண்மனைகளின் வாசலில் நிற்காவிட்டால் அந்தப் பகுதிக்குள் விடமாட்டார்கள். மாதக்கணக்கில் முன்னதாகவே வாங்கிவிட வேண்டும். அப்படிப் போனவர்களுக்கு மாலையில் ஒரு கொசுறும் உண்டு. எதிர்க்குன்றில் அல்பைசின் என்னும் பழைய குடியிருப்பின் சான் நிக்கோலாஸ் முற்றத்திலிருந்து, பின்னணியில் பனிமலையோடு, அல்ஹம்ப்ரா முழுவதையும் காசில்லாமல் பார்க்கலாம்.

பார்சிலோனாவைப் பற்றி என் கருத்து அவ்வளவு இனிமையானது அல்ல. நாங்கள் பார்த்தவற்றுள் செலவு மிக்க நகரம் அதுதான். விடுதிக் கட்டணத்தோடு, தலைக்கு இவ்வளவு, இரவுக்கு இவ்வளவு என்று சுற்றுலா வரியும் உண்டு; பதிவு செய்யும்போது பெரும்பாலும் அது கணக்கில் காட்டப்படுவதில்லை. கட்டடக்கலைஞர் கௌடி வடிவமைத்த குவெல் பூங்கா 2013 வரை எல்லோருக்கும் திறந்தே இருந்தது. இப்போது சீட்டு வாங்க வேண்டும். நகரைப் பார்க்கச் சிறந்த இடமான கார்மெல் குன்றின் பழைய பீரங்கி மேடையையும், இரவில் கூச்சல் பொறுக்க முடியவில்லை என்று அக்கம்பக்கத்தார் முறையிட்டதால், மாலையிலேயே பூட்டிவிடுகிறார்கள். 2024-இல் உள்ளூர் மக்கள் சுற்றுலாப் பயணிகள் மீது தண்ணீர்த் துப்பாக்கியால் பீய்ச்சி எதிர்ப்புத் தெரிவித்ததை வாசகர்கள் செய்தியில் படித்திருப்பார்கள். வாடகை வீடுகள் சுற்றுலா விடுதிகளாக மாறியதால் சொந்த ஊரிலேயே குடியிருக்க முடியவில்லை என்பது அவர்கள் குறை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலா வீடுகளின் உரிமங்களை 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிக்கப் போவதில்லை என்று மாநகராட்சி அறிவித்திருக்கிறது. பாந்திராவில் வாடகை கொடுக்க இயலாமல் புறநகர் தேடிப் போன பிள்ளைகளைப் பெற்ற எங்களுக்கு அவர்கள் கோபம் புரியாமல் இல்லை. குடியிருப்புக் கட்டடத்தில் அறை எடுக்காமல், முறையான ஹோஸ்டலில் நான்கு கட்டில் உள்ள தனியறையைப் பிடித்துக்கொண்டோம். செலவும் குறைவாகவே இருந்தது.

ஆனால் சாக்ரடா ஃபமிலியா ஆலயத்துக்குக் கொடுத்த 26 யூரோவை எண்ணி ஒருவரும் முணுமுணுக்கவில்லை. 1882-இல் தொடங்கி, அடுத்த ஆண்டே கௌடியின் கைக்கு வந்து, 1926-இல் டிராம் மோதி அவர் இறந்த பிறகும் தொடரும் அந்தக் கட்டுமானம், நன்கொடையாலும் பார்வையாளர் கட்டணத்தாலுமே நடக்கிறது. கிழக்குச் சாளரங்களில் நீலமும் பச்சையும், மேற்குச் சாளரங்களில் சிவப்பும் மஞ்சளும் வைத்திருப்பதால், காலைச் சீட்டுக்கும் மாலைச் சீட்டுக்கும் காட்சியே வேறாகிவிடும். நாங்கள் நான்கு மணிக்கு மேல் போனோம். மரங்களைப் போல் மேலே கிளைவிடும் தூண்கள் அனைத்தும் செம்மஞ்சளாக மாறியிருந்தன.

நண்பர்கள் சேர்ந்து போவதால் எங்கே மிச்சமாகிறது என்பதற்குப் போக்குவரத்துச் சீட்டே நல்ல உதாரணம். மாட்ரிட் மெட்ரோவின் பத்துப் பயணச் சீட்டை ஒரே அட்டையில் ஏற்றி, நால்வரும் மாறி மாறித் தேய்த்து உள்ளே போகலாம். பார்சிலோனாவில் டி-காஷுவல் என்னும் பத்துப் பயணச் சீட்டை ஒருவர் மட்டுமே பயன்படுத்தலாம். சேர்ந்து போகிறவர்கள் டி-ஃபமிலியார் என்ற எட்டுப் பயணச் சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். இந்த வேறுபாட்டைச் சொல்லும் பயணக் கட்டுரையை நான் தமிழில் கண்டதில்லை. ரயிலிலும் அப்படியே. 2021 முதல் ஊய்கோ, 2022 முதல் இர்யோ என்று புதிய நிறுவனங்கள் அரசு ரயிலோடு போட்டியிடுவதால், மாட்ரிட்டுக்கும் பார்சிலோனாவுக்கும் இடையேயான அறுநூறு கிலோமீட்டர்ப் பயணத்துக்கு, முன்கூட்டி வாங்கினால் சில நாள்களில் 20 யூரோவுக்கும் குறைவாகச் சீட்டுக் கிடைக்கிறது. இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். பெரிய பெட்டிகளுக்குத் தனிக் கட்டணம் என்பதால் ஆளுக்கொரு சிறு பெட்டியே போதும். பார்சிலோனா மெட்ரோவில் ஜேப்படி அதிகம் என்று எல்லோரும் எச்சரித்தார்கள். மும்பை லோக்கலில் ஆண்டுக்கணக்காகப் பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு போய்வந்தவர்களுக்கு அது புதிதாகக் கற்க வேண்டிய பாடமாக இருக்கவில்லை.

இனி உணவு. ஸ்பெயினில் முதன்மையான சாப்பாடு மதியம் இரண்டு மணிக்கு மேல்தான். மெனு தெல் தியா எனப்படும் அன்றைய சாப்பாட்டை, பெரும்பாலும் வேலைநாள்களில், 12 முதல் 16 யூரோவுக்குள் தருகிறார்கள். முதல் பதார்த்தம், இரண்டாவது பதார்த்தம், ரொட்டி, பானம், கடைசியில் இனிப்போ காப்பியோ எல்லாம் அதில் அடக்கம். 1960-களில் சுற்றுலாவை வளர்க்க அரசு ஆணையாகக் கொண்டுவந்த ஏற்பாடு இன்று அலுவலகம் போகிறவர்களின் அன்றாடச் சாப்பாடாகிவிட்டது. அதையே பிற்பகல் மூன்று மணிக்கு வயிறாரச் சாப்பிட்டுவிட்டால், இரவுக்குத் தயிரும் பழமும் போதும். சைவம் கிடைக்காது என்பது பாதி உண்மை. செவிலில் கீரையும் கொண்டைக்கடலையும் சீரகம் போட்டு வேகவைத்த கூட்டு, தெற்குப் பகுதியான அந்தலூசியா முழுவதும் கரும்புப் பாகு ஊற்றிய கத்தரிக்காய் வறுவல், எங்கும் தக்காளி தேய்த்த ரொட்டி, உப்புத் தூவிய பச்சைக் குடைமிளகாய் வறுவல், முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு உருளைக்கிழங்கு ஆம்லெட் எனப் பலவும் உண்டு. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பன்றித்தொடைத் துண்டான ஹாமோனைப் பல சமையற்காரர்கள் இறைச்சி என்றே நினைப்பதில்லை. குளிர்ந்த தக்காளிச் சாறான சல்மொரெஹோவின் மேல் நாம் கொத்தமல்லி தூவுவதைப் போல் அதைத் தூவிவிடுகிறார்கள். பருப்புச் சாற்றிலும் இறைச்சி கிடக்கும். இறைச்சி, மீன், ஹாமோன் மூன்றையும் தனித்தனியாகப் பெயர் சொல்லி வேண்டாம் என்று எழுதிய ஒரு சீட்டை வைத்துக்கொண்டோம். எந்தக் கடையிலும் முகம் சுளிக்கவில்லை. உணவகங்கள் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்று 2022-இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் நாமாகக் கேட்டால்தான் தருகிறார்கள். கேட்காவிட்டால் புட்டித் தண்ணீர் வந்துவிடும், அதற்குப் பணம்.

வலென்சியாவுக்குப் பேக்கேஜ்கள் பெரும்பாலும் போவதில்லை. 1957 வெள்ளத்துக்குப் பிறகு தூரியா ஆற்றை நகருக்கு வெளியே திருப்பிவிட்டு, வறண்ட பழைய ஆற்றுப்படுகையில் நெடுஞ்சாலை போட நினைத்த அரசை எதிர்த்து, மக்கள் அதைத் தோட்டமாக்க வைத்தார்கள். இன்று அது ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர் நீளத்துக்கு, பாலங்களுக்கு அடியிலேயே நகரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நிழலில் நடந்து போகும் பூங்கா. 2005 ஜூலை வெள்ளத்தில் மும்பையின் மித்தி ஆறு என்ன செய்தது என்பதை நேரில் கண்ட எங்களுக்கு அந்த நடை சும்மா பொழுதுபோக்காக இருக்கவில்லை. அங்கு குடிக்கும் ஓர்சாத்தா, நம் கோரைக்கிழங்கின் இனத்தைச் சேர்ந்த ஒரு கிழங்கை அரைத்துப் பிழிந்த பால். பசும்பால் சேராதது, வெயிலுக்கு இதம்.

விசாவைப் பற்றி இரண்டு வார்த்தை. ஸ்பெயின் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். நாள்வாரியாகப் பயணத் திட்டம் கேட்கிறார்கள் என்று பலரும் அலுத்துக்கொள்கிறார்கள். எங்களுக்கு அந்தத் திட்டத்தை எழுத உட்கார்ந்ததுதான் எந்த அருங்காட்சியகம் எந்த நாளில் மூடியிருக்கும், எங்கே எத்தனை மணிக்கு இலவசம் என்று பார்க்க வைத்தது.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். பயணப் பக்கத்தில் 'கண்கொள்ளாக் காட்சி' போன்ற சொற்களுக்கு ஒதுக்கும் இடத்தில் பாதியை, ஒவ்வொரு நகரத்துக்கும் விடுமுறை நாள், இலவச நேரம், அது இந்தியருக்குப் பொருந்துமா என்ற குறிப்பு, பலர் சேர்ந்து பயன்படுத்தக்கூடிய பயணச்சீட்டின் பெயர், சைவச் சாப்பாட்டில் கவனிக்க வேண்டியது ஆகியவற்றுக்குக் கொடுங்கள். கட்டணங்கள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் தேதியையும் சேர்த்து அச்சிடுங்கள். செவிலிலும் கோர்டோபாவிலும் ஜூலை வெயில் 40 பாகையைத் தாண்டும். ஈஸ்டருக்கு முந்தைய வாரத்தில் அறை வாடகை ஏறிவிடும். எனவே அக்டோபரே நமக்கு ஏற்ற மாதம். அக்டோபர் பயணத்துக்கான விசாவுக்கு ஆறு மாதம் முன்னதாக, ஏப்ரலிலிருந்தே விண்ணப்பிக்கலாம். தங்கள் கோடை இணைப்பிலேயே இந்தப் பட்டியலை வெளியிட்டால் இந்த ஆண்டே போக நினைப்பவர்களுக்கும் பயன்படும்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகி,
செம்பூர், மும்பை